லேப்ராஸ்கோபி செய்த தொப்புள் துளையில் அம்மாவுக்குக் குடலிறக்கம்: பித்தப்பை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கி, அன்னக்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர் என் அம்மா. வயது 54, சர்க்கரை உண்டு, கொஞ்சம் பருத்த உடம்பு. போன வருடம் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும், தெரிந்தவர் சொல்லி பாண்டியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பெயர் இங்கே வேண்டாம்.

“வயித்தைக் கிழிக்கிறதெல்லாம் அந்தக் காலம்மா. நாலு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். ஒரு வாரத்துல உங்க வேலையைப் பாக்கலாம்” என்றார் டாக்டர். துளை வழியாகக் கருவிகளை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையைத்தான் அப்படிச் சொன்னார். மொத்தமாக 78,000 ரூபாய் கட்டினோம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அம்மாவை யாரும் கேட்கவில்லை. அந்தக் கூடை மீனோடு இருபது கிலோவுக்குக் குறையாது. அவர் சொன்னதை அப்படியே நம்பி, ஒன்பதாவது நாளே அம்மா கூடையைத் தூக்கிவிட்டார்.

அதற்கு முன்பே தொப்புள் புண்ணில் நீர் கசிந்தது. மூன்று முறை போய்க் கட்டு மாற்றினோம், ஒவ்வொரு முறையும் தனிப் பணம். “சர்க்கரை இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள், அம்மா அரிவாள்மனையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது இருமல் வந்தது. சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். புடவையை விலக்கிக் காட்டியபோது தொப்புளுக்கு மேலே, தழும்பை ஒட்டி, எலுமிச்சம்பழம் அளவு ஒரு புடைப்பு. இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் தானாக உள்ளே போய்விடும்.

மறுபடி அதே டாக்டரிடம் போனோம். அம்மாவைப் படுக்க வைத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். “ஒண்ணுமில்லை, தையல் தடிச்சிருக்கு, கேஸும் சேர்ந்திருக்கு” என்று வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். “நின்னாதான் சார் வருது” என்று நான் சொன்னேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். குடலிறக்கம் வந்ததற்காக நான் யாரையும் திட்டவில்லை. நன்றாகத் தைத்தாலும் சிலருக்கு வரும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் நிற்கவைத்து ஒருமுறை இருமச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். படுத்தால் மறைகிற கட்டியைப் படுக்கவைத்தே பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னதால், அடுத்த ஆறு மாதமும் அம்மா கூடை தூக்கினார்.

கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், “எழுந்து நில்லுங்கம்மா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமுங்க” என்றார். கையை வைத்ததுமே சொல்லிவிட்டார்: போர்ட் (கருவியை உள்ளே விடும் குழாய்) போட்ட இடத்தில் குடலிறக்கம், அதாவது வயிற்றுச் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே இருப்பது வெளியே பிதுங்கும் ஹெர்னியா. அவர்தான் பொறுமையாக விளக்கினார். துளை வழியாகச் செய்தாலும் தோலுக்குக் கீழே வயிற்றுச் சுவரின் கெட்டியான சவ்வில் ஓட்டை விழத்தான் செய்யும். 5 மில்லிமீட்டர் துளையைப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளே தைப்பதில்லை. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் அந்தச் சவ்வையும் சேர்த்துத் தைப்பதுதான் பொதுவான வழக்கம். கல்லோடு பித்தப்பையை வெளியே எடுக்கச் சில சமயம் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள், அப்போது தையல் இன்னும் முக்கியம். தொப்புள் பக்கம்தான் இது அதிகம் வருகிறதாம். உடல் பருமன், சர்க்கரை, புண்ணில் சீழ், ஓயாத இருமல், மலச்சிக்கலில் முக்குவது எல்லாமே ஆபத்தைக் கூட்டும். இதில் மூன்று அம்மாவுக்கு இருந்தது.

அந்த ஓட்டையில் ‘மெஷ்’ என்கிற மருத்துவ வலை வைத்துத் தைத்து இரண்டு மாதம் ஆகிறது. நல்லவேளை, குடல் மாட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய்க்கொண்டிருந்த கட்டி ஒருநாள் போகாமல் நின்று, வலி, வாந்தி, வாயு பிரியாமை என்று வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். துளை சின்னது என்பதும் ஆறுதல் இல்லை. குடல் சுவரின் ஒரு பக்கம் மட்டும் மாட்டினால், முழு அடைப்பு இல்லாமலே அந்த இடம் அழுகிப்போகலாம்.

ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: பெரிய துளையை உள்ளேயும் தைப்பீர்களா, எத்தனை வாரம் கனம் தூக்கக் கூடாது, இதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தருவீர்களா? எங்கள் சீட்டில் ‘காயம் ஆறியது’ என்ற ஒரே வரிதான். உள்தையல் போட்டார்களா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆபரேஷன் குறிப்பின் நகல் கேட்டேன், “அதெல்லாம் கொடுக்க மாட்டோம்” என்றார் கவுன்டரில் இருந்தவர். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வரை உள்நோயாளிப் பதிவேட்டை அவர்கள் வைத்திருக்கவும் வேண்டும்.

போன திங்கட்கிழமை கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிவந்தேன். இன்று வெள்ளி, பதில் வரவில்லை. நாளைக்கு மறுபடி பாண்டி பஸ் ஏறுகிறேன். அம்மா துறைமுகத்தில் உட்கார்ந்து விற்கிறார், கூடையைத் தங்கச்சி தூக்கிக் கொடுக்கிறாள்.