இடக்கைக்கென்றே ஒரு கவாத்துக் கத்தரி

செடிகளின் கிளைகளை வெட்டிச் சீர்செய்ய உதவும் ஃபெல்கோ 9 என்னும் கவாத்துக் கத்தரியை நான் நேசிப்பதற்கு முதற்காரணம், அது இடக்கைப் பழக்கமுள்ள என்னைப் போன்றோருக்கென்றே வடிவமைக்கப்பட்டிருப்பதுதான்; சமத்துவம் கருவிகளிலும் வேண்டும். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் வெட்டும் இடம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இதிலோ, ரோஜாக் கிளையில் வெளிநோக்கியிருக்கும் தளிர்மொட்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் மேலே, தண்டு நசுங்காமல் சாய்வாக வெட்ட முடிகிறது. வளரப்போகும் உருவத்தை மனத்தில் வரைந்துகொண்டு செய்யும் இவ்வேலையை நான் கலையென்றே கருதுகிறேன்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது நாட்டைவிட்டுத் தப்பிய அமைச்சர் பெர்த்ரான் த மோல்வில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியதாகக் கருதப்படும் கருவியின் வழிவந்தது இது. அலகையும் சுருள்வில்லையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். பிடி சற்று அகலமானது என்பதால், சிறிய உள்ளங்கை உடையவர்கள் வாங்குமுன் பிடித்துப் பார்ப்பது நல்லது.