இம்பெல்லர் பேட்டர்ன்: தேக்கா, 3டி பிரிண்டா, அலுமினியமா?

கோவையில் பம்ப் செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், புது இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம்) கம்ப்யூட்டரில் வரைந்து முடித்ததும் முதலில் வந்து நிற்கிற தலைவலி பேட்டர்ன்தான், அதாவது மண்ணில் அச்சுப் பதிக்கிற மாதிரி உரு. நான் இரண்டே கேள்விதான் கேட்பேன்: டிசைன் இன்னும் மாறுமா? எத்தனை மோல்டு (உலோகத்தை ஊற்றுகிற மண் அச்சு) போடப் போகிறோம்? பேட்டர்ன் விலையை மட்டும் பார்த்து இறங்கினால், மிச்சம் பிடித்த காசு வார்ப்பு வேலை நடக்கிற பவுண்டரியில் ரிஜெக்‌ஷனாகப் போய்விடும்.

டிசைன் மாறும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 3டி பிரிண்ட். 160 மில்லி விட்டமுள்ள இம்பெல்லர் ஒன்றுக்கு பிளேடு கோணத்தை மூன்று விதமாக மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. கோணம் மாறினால் கோர் பாக்ஸும் (உள் இடைவெளிக்கான மண் கட்டியைச் செய்கிற பெட்டி) மாறும், மரத்தில் மூன்று கோர் பாக்ஸ் செதுக்கச் சொன்னால் மாதம் ஓடிவிடும், ஆனால் பிரிண்டரில் ராத்திரி போட்டுவிட்டுப் போனால் மறுநாள் கையில் இருக்கிறது. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும் என்பதால் மாடலை 101 சதவீதமாக்கி, கடைசல் பிடிக்கிற முகங்களுக்குத் தனியாக 2 மில்லி சேர்த்தேன்.

அப்படியும் முதல் பேட்டர்ன் சொதப்பிவிட்டது. அரசூர் பக்கம் பவுண்டரியில் மோல்டர் அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததுமே கேட்டார்: "ஏனுங்க தம்பி, டேப்பரே இல்லீங்களே, மண்ணு எப்படிங்க விடும்?" சொன்ன மாதிரியே உருவும்போது மோல்டின் விளிம்பு பெயர்ந்து பேட்டர்னோடு வந்தது. டேப்பர், அதாவது எளிதாக உருவ வருகிற மாதிரி பக்கங்களுக்குக் கொடுக்கிற சரிவு, இல்லாதது ஒரு காரணம் என்றால், பிரிண்டர் அடுக்கிய 0.2 மில்லி லேயர் படிகள் இன்னொன்று. நகத்தால் தடவினால் தெரிகிற அந்த வரிகளில் மண் பிடித்துக்கொள்கிறது. அடுத்ததில் ஒன்றரை டிகிரி டேப்பர் கொடுத்து, கார் பாடிக்குப் பூசுகிற பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்ததும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அப்புறம், பிரிண்டரில் போடுகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டர்னை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மரத்துக்கு வேலை இல்லை என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. 600 மில்லி வால்யூட் கேசிங்கைச் (இம்பெல்லரைச் சுற்றியிருக்கிற நத்தை வடிவ உறை) சின்ன பிரிண்டரில் துண்டு துண்டாக அடித்து ஒட்டுவதைவிடத் தேக்கில் செய்வதுதான் உருப்படி, நாலு மில்லி குறைக்க வேண்டுமென்றால் ஆசாரி உளியை எடுத்து அங்கேயே முடித்துவிடுவார். ஈரம்தான் அதற்கு எதிரி. மோல்டு போடுகிற பச்சை மண்ணில் எப்போதும் ஈரம் உண்டு, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றும் ஈரக்காற்றுதான். மரம் நார் போகிற திசையில் அவ்வளவாக ஊதாது, குறுக்கேதான் ஊதும், அதனால் வட்டமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகிவிடும். பெயிண்ட் உரிந்த பேட்டர்னை அளக்காமல் மண்ணில் வைக்கவே கூடாது.

டிசைன் நிலைத்து, ஆர்டர் ஆயிரக்கணக்கில் என்றால் அலுமினிய மேட்ச் பிளேட்தான் (பேட்டர்னின் இரண்டு பாதியும் ஒரே தட்டின் இரு பக்கமும் இருப்பது), மோல்டிங் மெஷின் அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்கும். முன்பு இதை மர மாஸ்டரிலிருந்து (மூல உரு) வார்ப்பார்கள், அலுமினியம் சுருங்குவது 1.3 சதவீதம், இரும்பு சுருங்குவது 1 சதவீதம் என்று மாஸ்டரில் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அங்கே தவறினால் எல்லாம் தவறும். இப்போது கட்டியிலிருந்து நேராக கம்ப்யூட்டர் இயக்குகிற சிஎன்சி மெஷினில் வெட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிறகு ஒரு பிளேடை மாற்ற நினைத்தால் வெல்டு வைத்துத் திரும்ப வெட்ட வேண்டும், சில சமயம் புதிதாகவே செய்துவிடலாம் போலிருக்கும்.

மண்ணையே நேராக பிரிண்ட் செய்கிற மெஷினும் இருக்கிறது, பேட்டர்னும் வேண்டாம், டேப்பரும் வேண்டாம். ஓரிரண்டு சிக்கலான காஸ்டிங்குக்கு அருமை, தினசரி உற்பத்திக்குக் கட்டாது.

என் இம்பெல்லர் மூன்றாவது கோணத்தில் நின்றிருக்கிறது. முதல் ஐம்பது காஸ்டிங்கை பிரிண்ட் பேட்டர்னிலேயே எடுத்து, பத்துக்கு ஒரு தடவை பிளேடு முனையை வெர்னியரில் அளந்து வருகிறேன், அது முடிந்ததும் அலுமினியத்துக்கு ஆர்டர்.