சட்டம் போட்ட ஷஃபிள்பாட்டம்: 350 ரேண்டுக்குத் தகுமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் மால் நடைபாதையில் கணினியும் பிரிண்டரும் வைத்து, குடும்பப் பெயரைச் சொன்னால் பத்து நிமிடத்தில் அதன் வரலாற்றை அச்சடித்துச் சட்டம் போட்டுத் தருகிறார்கள். ஏ3 தாள், கறுப்புச் சட்டம், 350 ரேண்ட். வெள்ளைக்கார மருமகனோ மருமகளோ வந்த வீடுகளுக்குக் கல்யாணப் பரிசாக நன்றாகவே போகிறது. சோதனைக்கு எடுத்தது எளிதில் அகப்படாத ஓர் ஆங்கிலப் பெயர்: ஷஃபிள்பாட்டம்.

தாள் கனம், மை கலையவில்லை, மாட்ட இரண்டு வளையம். சுவரில் தொங்குகிற பொருளாகக் குறை சொல்ல முடியாது. கோளாறெல்லாம் எழுத்தில்தான்.

'காலை இழுத்து நடப்பவனுக்கு வைத்த பட்டப்பெயர்' என்கிறது தாள். இன்றைய ஸ்பெல்லிங்கை இரண்டாகப் பிய்த்துச் சொன்ன பொருள் அது. இந்தப் பெயரில் வரும் பாட்டத்துக்கும் பிட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது பள்ளத்தாக்கின் அடிநிலம். இங்கிலாந்தின் லங்காஷயரில் பரி நகரத்துப் பக்கம் ஷிப்பர்பாட்டம் என்றோர் இடம். ஆடு குளிப்பாட்டும் ஓடையுள்ள பள்ளம் என்று பெயராய்வாளர்கள் விளக்குகிறார்கள். பக்கத்து ராம்ஸ்பாட்டமும் இதே குடும்பம்தான்; அதன் முற்பகுதி காட்டுப்பூண்டா, ஆட்டுக்கடாவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஷிப்பர் பொருள் விளங்காத சொல்லாகிவிட்டதால், காது அதைத் தெரிந்த சொல்லுக்கு இழுத்து ஷஃபிள் ஆக்கிக்கொண்டது. முதலியாரை மூட்லியாக எழுதிவைத்த, டர்பன் இருக்கும் நேட்டால் நாட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, நடுவில் பெரிதாக நிற்கும் சிங்கக் கேடயம். இங்கிலாந்தில் இலச்சினை குடும்பப் பெயருக்கு உரியதல்ல. ஓர் ஆளுக்கு வழங்கப்பட்டு, அவர் வாரிசுகளுக்கு இறங்குவது. இலச்சினை வழங்கும் அமைப்பான, 1484இல் தொடங்கிய லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத்தான் சொல்கிறது. அதே கடையில், கவுண்டர் என்பது இங்கே மாறிய வடிவமான கோவெண்டர் பெயருக்கும் ஒரு தாள் வாங்கிப் பார்த்தோம். அதிலும் அதே சிங்கம், நிறம் மட்டும் வேறு. கவுண்டருக்கு எந்த ராஜா கேடயம் கொடுத்தாரோ! சொந்த இலச்சினை வேண்டுமென்றால் பிரிட்டோரியாவில் பியூரோ ஆஃப் ஹெரால்ட்ரி இருக்கிறது; 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யலாம்.

தாளில் இல்லாதது, அதாவது உண்மையில் பயன்படுவது, காசில்லாமலே கிடைக்கும். வம்சாவளி தேடும் ஃபேமிலிசர்ச் தளத்தில் பிரிட்டனின் 1881 ஏப்ரல் 3 குடிமதிப்பின் அட்டவணையைத் திறவுங்கள். முழுப் பெயரைத் தட்டினால் பாதி ஆட்கள் தவறிப்போவார்கள், ஏனென்றால் ஷிப்பர்பாட்டம், ஷூபாட்டம், ஷஃபிள்பாத்தம் எல்லாம் தனித்தனியாக நிற்கும். முதலில் எஸ், எச், பிறகு நட்சத்திரக் குறி, பி, ஓ, டி, மறுபடி நட்சத்திரம், கடைசியில் எம். இந்த ஒரு வலையில் எல்லாமே விழும். ஒரே இடத்தில் முளைத்த பெயரென்றால் ஆட்கள் நாலைந்து ஊர்களில் குவிந்திருப்பார்கள். எல்லா ஊரிலும் முளைத்த ஸ்மித்துக்கு இந்த வேலை பலிக்காது.

அங்கிருந்து பின்னோக்கி: 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, கல்யாணம், இறப்புக்கு அரசுப் பதிவு, அதற்கு முன் சர்ச்சுகளின் கோவில்பற்றுப் பதிவேடுகள். பதிவேட்டு ஆணை 1538இல் வந்தாலும் தொடக்க ஏடுகள் பல ஊர்களில் அழிந்துவிட்டன. அந்த அரசுப் பதிவை வைத்திருக்கும் அலுவலகமான ஜிஆர்ஓவின் தளத்தில், பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு ஜான்கள் வரும்போது ஆளைப் பிரிப்பது அதுதான்.

நேட்டாலுக்கு வந்த கிளைக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். இணைய அட்டவணையில் எம்எஸ்சிஇ என்ற குறியுள்ள, இறந்தவரின் சொத்துக் கோப்பைத் தேடுங்கள். உள்ளே இருக்கும் மரண அறிவிப்பில் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் கேட்டிருக்கும். தகவல் தந்தவர் மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்று கையெழுத்தைப் பார்த்த பிறகே நம்பலாம்.

கோவெண்டர் தேடுகிறவர்களுக்கு வழி வேறு. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த 152,184 பேரின் கப்பல் பட்டியலில் ஆள் பெயர், தகப்பன் பெயர், ஜாதி, கிராமம் என்று தனித்தனிக் கட்டம். கோவெண்டர் என்று தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். ஜாதிப் பட்டம் குடும்பப் பெயரானது பிற்பாடு. பழைய பிறப்பு, கல்யாணச் சீட்டுகளில் காலனி எண், அதாவது வந்த ஒவ்வொரு கூலியாளுக்கும் கொடுத்த எண், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் கிடைத்தால் கப்பலும் கிடைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சட்டம்தான் வேண்டுமென்றால், கேடயத்தையும் கதையையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அச்சடிக்கச் சொல்லலாம். கேட்டால் செய்து தருகிறார்கள். விலை மட்டும் அதே 350.