கால்சியம் மாத்திரையா, செவலமரா? களிச் சட்டியையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு கணக்கு

டயாலிசிஸ் செய்துகொள்பவரின் இரத்தத்தில் பாஸ்பரஸ் கூடிவிட்டால், அதைக் குறைக்க எழுதித் தரப்படும் மாத்திரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று கால்சியம் அசிடேட், மற்றொன்று செவலமர் கார்பனேட். முன்னது மலிவு, பின்னது அதைப்போலப் பல மடங்கு விலை. பாலக்கோடு அருகே எங்கள் ஊரிலிருந்து தருமபுரிக்கு வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்று வருகிறேன். மூன்று ஆண்டுகளில் இரண்டு மாத்திரைகளையும் அம்மா சாப்பிட்டிருக்கிறார். ‘விலை கூடினது நல்லதுதானே’ என்று மற்ற நோயாளிகளின் வீட்டார் கேட்கும்போதெல்லாம், கேள்வியை அந்த இடத்திலிருந்து தொடங்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரத்தத்தில் பாஸ்பரஸ் ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு அது ஏறினாலும் உடனே வலி எதுவும் தெரியாது. அதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. முதலில் தோல் அரிக்கும். பின்பு பாராதைராய்டு சுரப்பி பி.டி.எச். ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தை இரத்தத்துக்கு இழுக்கும். எலும்பு நலியும், இரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு படியும். அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொண்ட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, பாஸ்பரஸ் 5 மில்லிகிராமைத் தாண்டியவர்களிடம் இறப்பு அபாயம் கூடியிருந்ததைக் காட்டியது. அதற்காக மிகக் குறைந்த அளவை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. சரியாகச் சாப்பிட முடியாமல் மெலிந்துபோனவர்களுக்கும் பாஸ்பரஸ் இறங்கும்.

இனி கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் உண்கிறார், அதில் 60 விழுக்காடு உடலில் சேர்கிறது என்று கொண்டால், வாரத்துக்கு 4200 மில்லிகிராம் உள்ளே போகிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் ஏறத்தாழ 800 மில்லிகிராம் வெளியேறும். வாரம் மூன்று முறை செய்பவருக்கு 1800 மிஞ்சும். அம்மாவைப் போல இரண்டு முறை செய்பவருக்கு 2600 மிஞ்சும். 667 மில்லிகிராம் கால்சியம் அசிடேட் மாத்திரை ஒன்று, உணவிலுள்ள பாஸ்பரஸில் சுமார் 30 மில்லிகிராமை உடலில் சேரவிடாமல் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால், மூன்று முறைக்காரர் தினமும் எட்டு ஒன்பது மாத்திரையும், இரண்டு முறைக்காரர் பன்னிரண்டு மாத்திரையும் விழுங்க வேண்டிவரும். ஒரு மாத்திரையில் 169 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பாஸ்பரஸ் மாத்திரைகளின் வழியாகச் சேரும் கால்சியம் நாளுக்கு 1500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2003-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலின் வரம்பு. மூன்று முறைக்காரர் அந்த வரம்பின் விளிம்பில் நிற்பார், இரண்டு முறைக்காரரோ 2000-த்தைத் தொட்டுவிடுவார். ஆளுக்கு ஆள் எண்கள் மாறும். ஆனாலும் எந்த மாத்திரை என்று கேட்பதற்கு முன் வாரத்தில் எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்று ஏன் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பேருந்துக்கு நேரமாகிறது என்று மூன்றரை மணி நேரத்திலேயே எழுந்துவிடும் ஒவ்வொரு முறையும் மாத்திரையின் சுமை கூடுகிறது.

கால்சியம் அசிடேட்டின் பலம் அதன் விலை மட்டுமன்று. சோற்றோடு சேர்த்து விழுங்கினால் பாஸ்பரஸை நன்றாகவே பிடிக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து விழுங்கினால் பிடிப்பதற்குப் பாஸ்பரஸ் அங்கே இருக்காது, கால்சியம் மட்டும் உடலில் ஏறும். அம்மா முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்தார், ஏனெனில் சீட்டில் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதியிருந்தது. ‘சாப்பாட்டின் நடுவே’ என்று யாரும் சொல்லவில்லை. எலும்புக்காகத் தரப்படும் வைட்டமின் டி வகை மருந்தான கால்சிட்ரியால் குடலில் கால்சியத்தை உறிஞ்சும் வேகத்தைக் கூட்டும் என்பதால், இரண்டும் சேரும்போது இரத்தக் கால்சியத்தின் மேல் கண் வைத்தே ஆக வேண்டும். இரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் குறைந்தவருக்குக் கால்சியமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால் அந்த அளவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செவலமரில் கால்சியமே இல்லை. உடலில் உறிஞ்சப்படாமல் குடல் வழியே போய்விடும், கெட்ட கொழுப்பையும் சற்றுக் குறைக்கும். கால்சியம் ஏறியவர், இரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தவர் ஆகியோருக்கு இதுவே முறையான தேர்வு என்பது என் முடிவு. குறை இல்லாமலும் இல்லை. மாத்திரை பெரியது, ஈரம் பட்டால் ஊதும், அதனால் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. தண்ணீரை அளந்து குடிக்கும் நோயாளிக்கு இது ஒரு தொல்லை, மலச்சிக்கல் அதைவிடப் பெரிய தொல்லை.

ஆயுளை எது நீட்டுகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2103 பேரைக் கொண்டு 2007-இல் வெளியான ஒப்பீட்டில், மொத்த இறப்பில் இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் லான்செட் இதழ் வெளியிட்ட அலசலில், கால்சியம் இல்லாத மாத்திரைகளை எடுத்தவர்களிடம் இறப்பு 22 விழுக்காடு குறைவாக இருந்தது. கால்சியம் இல்லாத இன்னொரு மருந்தான லாந்தனத்தைக் கால்சியம் கார்பனேட்டுடன் நேருக்கு நேர் வைத்து ஜப்பானில் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. இதய நோய் நிகழ்வுகளை லாந்தனம் குறைக்கவில்லை. உலக அளவிலான சிறுநீரக வழிகாட்டுதல் 2017-இல் கால்சியம் மாத்திரையின் அளவைக் கட்டுப்படுத்தச் சொன்னதே தவிர, அதை விலக்கச் சொல்லவில்லை. எனவே செவலமர் வாங்க வசதியில்லாத குடும்பம் தன் நோயாளிக்குத் துரோகம் செய்வதாக எண்ணி வருந்த வேண்டியதே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் இந்த ஒப்பீட்டுக்குள் மூன்றாவதாக நுழைவது ராகிக் களி. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் கால்சியமும் 210 பாஸ்பரஸும் 440 பொட்டாசியமும் உள்ளன. அதே அளவு வெள்ளை அரிசியில் கால்சியம் பத்துக்கும் குறைவு, பாஸ்பரஸும் பொட்டாசியமும் நூறையொட்டியே உள்ளன. சமைக்கும் முறை இந்த வேறுபாட்டை இன்னும் பெரிதாக்குகிறது. நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடித்த சோறு, தன் பொட்டாசியத்தில் ஒரு பகுதியைக் கஞ்சியோடு விட்டுவிடும். களி எதையும் விடாது. கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிளறி, சட்டியோடு இறக்கும்போது மாவிலிருந்த அத்தனையும் உருண்டைக்குள்ளேயே இருக்கும்.

ஆனால் களிக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். தானியத்திலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற கட்டுக்குள் இருக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லாததால் பாதியளவே உடலில் சேரும். பாக்கெட் உணவிலும் கோலா பானத்திலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்போ 90 விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்துவிடும். ராகியை முளைகட்டினாலோ கூழாகப் புளிக்கவைத்தாலோ பைட்டேட் உடையத் தொடங்கும். மற்றவர்க்குச் சத்து என்று புகழப்படும் முளைகட்டிய ராகி மாவு, டயாலிசிஸ் நோயாளிக்கு எதிர்த்திசையில் வேலை செய்வது இதனால்தான்.

பொட்டாசியத்துக்கு இந்த மாத்திரைகள் இரண்டுமே உதவா. மாம்பழத்திலும் பொட்டாசியம் உண்டு என்பதால், கிருஷ்ணகிரியில் மாம்பழக் காலம் வந்ததும் அது தனிக் கவலையாகிவிடும். டயாலிசிஸ் இல்லாத இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஏறும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். ஃபுளோரைடு மிகுந்த எங்கள் நிலத்தடி நீரைச் சிறுநீரகம் இல்லாத உடல் எளிதில் வெளியேற்றாது என்பதால், வீட்டுக் குடிநீராக ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே பாதுகாப்பானது.

அம்மாவின் பாஸ்பரஸ் 6.8-ஆக இருந்தபோது கால்சியம் 10.4-க்கு ஏறியிருந்ததால் மருத்துவர் செவலமருக்கு மாற்றினார். களியை நிறுத்துவது பற்றிப் பேச்செடுத்தேன். “களி இல்லாத சோறு வவுத்துல நிக்காதுடா” என்றார். மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள், டயாலிசிஸுக்குப் போகும் காலையில் மட்டும், முளைகட்டாத மாவில் கைப்பிடி அளவு உருண்டை ஒன்று என்று முடிவு செய்தோம். தட்டில் களியும் அதன் பக்கத்தில் ஒரு செவலமரும் இருக்கும். இரண்டு கவளம் விழுங்கிய பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மிச்சக் களியைக் கீரைக் கடைசலில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிப் பேருந்துக்குக் கிளம்புகிறார். கீரையை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கடைகிறேன்.