மக்காச்சோளத்துக்குக் காவல்: நேப்பியரா, சூடான் புல்லா, பிராக்கியாரியாவா?

மக்காச்சோளக் காட்டைச் சுற்றிப் புல் வைத்துப் புழுவை மடக்கலாம் என்றதும், "புழு எந்தப் புல்லை விரும்பித் தின்னும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தாய் அந்துப்பூச்சி எதில் முட்டையிடும், பொரித்த புழு எதில் பிழைக்கும் என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் சரியான புல் பிடிபடும்: முட்டையிட அந்துப்பூச்சியை இழுக்க வேண்டும், பொரித்த புழுவைப் பிழைக்கவிடக் கூடாது.

இதில் முன்னோடி கென்யா. 1990களில் அங்குள்ள இசிபே பூச்சி ஆய்வு மையமும் பிரிட்டனின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் சேர்ந்து, தண்டைக் குடையும் தண்டுத்துளைப்பான் பூச்சிகளை அடக்க வழி தேடின. அந்தப் பூச்சிகளில் ஒன்று நம் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் குருத்தைக் காயவைக்கும் அதே பூச்சி. ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது.

தண்டுத்துளைப்பானுக்கு என் தேர்வு நேப்பியர்தான். இருட்டத் தொடங்கியதும் இந்தப் புல்லின் வாசம் பல மடங்கு கூடும். முட்டையிட இடம் தேடும் அந்துப்பூச்சி மக்காச்சோளத்தை விட்டு இங்கே வரும். பொரித்த புழு தண்டைத் துளைத்தால் பசைபோல ஒரு சாறு கசிந்து அதைச் சிக்கவைத்துவிடும். 5 புழுவில் 4 தேறுவதில்லை. ஆனால் ஓரத்து வரிசைகளை மாட்டுக்காக ஒரேயடியாக அறுத்துவிடக் கூடாது. பொறி போய்விட்டால் பூச்சி நேரே பயிருக்கு வரும்.

சூடான் புல்லும் பூச்சியை இழுக்கும், அதன் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பெருக்கும். சோளத்தின் உறவு என்பதால் புழுவுக்கு அதில் நேப்பியர் அளவுக்குச் சிரமம் இல்லை. குளவியை மட்டும் நம்பி இதை வைக்க எனக்குத் துணிவு வராது.

இலையையும் குருத்தையும் தின்னும் படைப்புழு என்றால் கணக்கு மாறும். அங்கே நான் வறட்சி தாங்கும் பிராக்கியாரியா முலாட்டோ-2 என்ற புல் ரகத்தின் பக்கம். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை ஓரத்திலும், பூச்சியை விரட்டும் டெஸ்மோடியம் என்ற பயறு வகைச் செடியை வரிசைகளுக்கு நடுவிலும் வைத்த வயல்களில், தனி மக்காச்சோள வயல்களைவிடச் செடிக்கான புழு எண்ணிக்கை 82.7 சதவீதம் குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தப் பலன் இரண்டும் சேர்ந்து தந்தது; புல்லை மட்டும் நட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. டெஸ்மோடியம், பயிரின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் சுடுமல்லிக் களையையும் அடக்கும்.

இந்தியாவில் படைப்புழுவுக்கும் 3, 4 வரிசை நேப்பியரைப் பரிந்துரைக்கிறார்கள். அப்படி வைத்தால், புல்லில் தாக்குதல் தெரிந்த உடனே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளித்துவிடுங்கள்.