பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்டா, சுண்ணாம்பா, இரண்டும் கலந்ததா? தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி வீடுகளுக்கான ஓர் ஒப்பீடு

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் ஆகிய ஊர்களின் பழைய தெருக்களில், சிமெண்ட் பரவலாவதற்கு முன்பே கட்டப்பட்ட செங்கல் வீடுகள் இன்றும் குடியிருப்பாக இருக்கின்றன. கருங்கல் கடைக்கால், அதன் மேல் மண்சாந்திலோ சுண்ணாம்புக் காரையிலோ எழுப்பிய தடித்த செங்கற்சுவர், கூரையாக நாட்டு ஓடு அல்லது மெட்ராஸ் தார்சு (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்த தட்டைத் தளம்) என்பது அவற்றின் பொதுவான அமைப்பு. இவற்றில் பெரும்பாலானவை இப்போது ஒரே மாதிரியான நோயைக் காட்டுகின்றன: தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறி, பூச்சு உப்பிப் பொரிந்து, செங்கல்லின் முகம் பொடியாக உதிர்கிறது, செங்கற்களுக்கு இடையிலுள்ள காரைச் சந்துகள் குழிந்து போகின்றன, மொட்டை மாடியின் கைப்பிடிச்சுவரில் விரிசல் விழுகிறது. வீட்டுக்காரர் மேஸ்திரியை அழைத்தால் சிமெண்ட் பூசச் சொல்கிறார். மரபுக் கட்டடக்கலையில் ஈடுபாடு கொண்டவர்கள் சுண்ணாம்பு என்கிறார்கள். சில பொறியாளர்கள் இரண்டையும் கலக்கச் சொல்கிறார்கள். இத்தகைய சுவருக்கு இம்மூன்றில் எது பொருந்தும் என்பதே இங்குள்ள கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்துக்கும் பூச்சுக்கும் செங்கல் பொடி சேர்த்த சுண்ணாம்பு, மழையும் வெயிலும் நேரடியாகத் தாக்கும் கைப்பிடிச்சுவரின் தலைப்புக்கும் (மேல்விளிம்புக்கும்), தெருவை ஒட்டிய அடிப்பகுதிக்கும் சுண்ணாம்பு மிகுந்த கலப்புக் காரை, வெறும் சிமெண்ட் கலவை இச்சுவரில் எங்குமே வேண்டாம்.

குளிர் இங்கே செய்வதும் செய்யாததும்

செங்கற்சுவர் பழுதுபார்ப்பைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பனி உறையும் நாடுகளிலிருந்து வருவது. அங்கே செங்கல்லின் நுண்துளைகளில் தங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைந்து, செங்கல்லின் முகத்தைத் தகடு தகடாகப் பெயர்க்கிறது. நம் நாட்டிலும் இமயமலை ஊர்களில் இது நடக்கும். ஆனால் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர்ப் பீடபூமியில், மார்கழி, தை மாத இரவுகள் எவ்வளவு நடுங்க வைத்தாலும், வெப்பநிலை உறைநிலையைத் தொடுவதில்லை. எனவே நம் சுவரைப் பெயர்ப்பது உறைபனி அன்று, உப்பு.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்து நனைத்த சுவர், மூடுபனிக் காலத்தில் காய வழியின்றி ஈரத்தோடே நிற்கிறது. மண்ணிலிருந்து ஏறும் ஓதமும் அதனுடன் சேர்கிறது. அந்த நீரில் கரைந்துள்ள உப்புகள், பனி விலகி வறண்ட காற்று வீசத் தொடங்கியதும், நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகின்றன. படிகங்கள் வளர வளரத் துளைகளின் சுவரை நெருக்கி உடைக்கின்றன. மழைக்காலத்தில் ஈரமாகத் தெரிந்தாலும் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சு, ஈரம் வற்றும் மாசி, பங்குனியில் கொட்டுவதற்கு இதுவே காரணம். நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கேதான் சேதம். ஆகவே, நல்ல பழுதுபார்ப்பு என்பது அந்த ஆவியாதல் செங்கல்லில் நடக்காமல், எளிதில் மாற்றக்கூடிய காரையிலும் பூச்சிலும் நடக்கும்படி செய்வது. மூன்று கலவைகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

சிமெண்ட் கலவை

சிமெண்டின் நன்மைகளை மறைக்கக் கூடாது. எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்தக் கொத்தனாருக்கும் கைவந்தது, ஒரே நாளில் இறுகும், ஏழு நாள் தண்ணீர் காட்டினால் போதும். சேம்பர் சூளையில் சுட்ட இன்றைய புதிய செங்கல் (சேம்பர் செங்கல்) சுவருக்கு அது முற்றிலும் தகுந்த பொருள். ஆனால் 1824-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்று, 1904-இல் சென்னையில் தயாரிக்க முயன்று, அதன் பிறகே மெல்ல மெல்ல நாட்டுப்புறத்தை எட்டிய ஒரு பொருளை மனத்தில் வைத்து நம் பாட்டனார் தம் சுவரைக் கட்டவில்லை.

சிக்கல் அதன் வலிமையிலேயே இருக்கிறது. சுவர் கட்டுமானத்துக்கான, IS 1905 என்ற எண்ணுள்ள இந்தியத் தர நிர்ணயம், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் கலந்த கலவைக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 5 நியூட்டன் அழுத்த வலிமையைக் குறிக்கிறது. செங்கல்லுக்கான தர நிர்ணயம் ஏற்கும் மிகத் தாழ்ந்த வகுப்பின் வலிமை 3.5 நியூட்டன், சூளையில் விறகு வைத்துச் சுட்ட பழைய நாட்டுச் செங்கல் பல நேரங்களில் அந்த அளவைக்கூட எட்டாது. செங்கல்லைவிடக் காரை வலிதாகிவிட்டால், சுவர் அசையும்போது விரிசல் காரையில் விழாமல் செங்கல்லை உடைத்துக்கொண்டு போகிறது. நுண்துளை குறைந்த சிமெண்ட் சந்தின் வழியே நீர் வெளியேற முடியாததால், அது செங்கல்லின் முகத்தைத் தேடிப் போகிறது. உப்பும் அங்கேயே படிகிறது. சில ஆண்டுகளில் சந்துகள் மட்டும் வரம்புகளாகத் துருத்தி நிற்க, இடையிலுள்ள செங்கல் குழிந்து கரைந்திருக்கும் காட்சியை இவ்வூர்களின் பழைய தெருக்களில் காணலாம்.

ஓதம் ஏறிய அடிச்சுவரில் நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசுவது இதைவிட மோசமானது. வெளியேற வழி அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னால் மேலேறி, ஐந்தாவது அடியில் வெளிப்படுகிறது. வீட்டுக்காரர் மறுபடியும் ஓரடி உயர்த்திப் பூசுகிறார், ஈரமும் உயர்கிறது.

சுண்ணாம்புக் காரை

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீரில் தாளித்தால் நீற்றிய சுண்ணாம்பு. அது சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் ஏற்றுச் சிறுகச் சிறுகக் கல்லாகத் திரும்புகிறது. இந்தச் சுழற்சி மெதுவானது என்பதுதான் அதன் குறையும் நிறையும். மெதுவாக இறுகுவதால் சுவரின் சிறு அசைவுகளுக்கு அது இடம் கொடுக்கிறது. மயிரிழை விரிசலில் மழைநீர் புகுந்தால், கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து விரிசலை ஓரளவு தானே அடைக்கிறது. ஈரத்தை வெளியே விடுகிறது. உப்பு படிந்தாலும் சேதம் காரைக்கும் பூச்சுக்கும் நேர்கிறதே தவிரச் செங்கல்லுக்கு அன்று. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வழக்கம் வெறும் அழகுக்கானதாக இருக்கவில்லை. தேய்ந்த மேற்பரப்பை ஆண்டுதோறும் புதுப்பித்த பராமரிப்பு முறை அது. அதை நாம் கைவிட்டதும் இச்சுவர்களின் இன்றைய நிலைக்கு ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

கலப்படமற்ற வெண்சுண்ணாம்பு காற்று படும் இடத்தில் மட்டுமே இறுகும். தடித்த சுவரின் ஆழத்திலும் ஓயாத ஈரத்திலும் அது இளகியே கிடக்கும். செங்கல் பொடி, அதாவது சுர்க்கி, சேர்ப்பது அதனால்தான்: சுட்ட களிமண் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் தன்மையைக் கலவைக்குத் தருகிறது. நம் மலைக்காடுகளில் விளையும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது கலவையைக் கரண்டிக்கு இணக்கமாக்கும். ஆனால் அளவு மீறிய வெல்லம் இறுகுவதை மிகவும் தாமதப்படுத்தும் என்பதையும், கடுக்காய் நீரைச் சேர்த்துவிட்டால் மற்றக் கவனம் எதுவும் தேவையில்லை என்ற நம்பிக்கை தவறு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறைகளும் உண்மையானவை. வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே காத்திருக்க வேண்டும். கூலி நாட்கள் கூடும். கடையில் மூட்டையாகக் கிடைக்கும் நீற்றுச் சுண்ணாம்புப் பொடி பழையதாக இருந்தால், பாதி மூட்டைக்குள்ளேயே காற்றைக் குடித்துச் செத்திருக்கும். வாய்ப்பிருந்தால் சுட்ட கல்லையே வாங்கித் தொட்டியில் தாளித்து, சில வாரங்கள் நீர் மூடிய நிலையில் வைத்து, பிறகு பயன்படுத்துவது மேல்.

கலப்புக் காரை

ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவையின் வலிமையைச் சுவர் கட்டுமானத்துக்கான அதே தர நிர்ணயம் 3 நியூட்டன் என்றும், ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்பது என்ற கலவையை 2 நியூட்டன் என்றும் குறிக்கிறது. இரண்டாவது கலவைதான் நம் செங்கல்லுக்கு நெருக்கமானது. சிமெண்ட் மட்டுமே தெரிந்த கொத்தனாரும் இதைக் கையாள முடியும். இரண்டொரு நாளில் இறுகுவதால், மழை எதிர்பார்க்கும் நேரத்தில் கைப்பிடிச்சுவரின் தலைப்பை முடிக்க இது உதவும். ஆனால் வெறும் சுண்ணாம்பின் மூச்சுவிடும் தன்மை இதில் குறைவு. தானே அடைபடும் பண்பும் அப்படியே. மேலும், சிமெண்ட் பங்கு சிறிதாக இருப்பதைக் கண்டு மனம் கேளாமல் ஒரு சட்டி கூடுதலாகப் போடும் பழக்கம் களத்தில் உண்டு. அளவுப்பெட்டி வைத்து அளக்காவிட்டால் இந்தக் கலவை நடைமுறையில் சிமெண்ட் கலவையாகவே முடியும்.

நீர்த்தடுப்பு வண்ணங்களும், சுவரில் துளையிட்டுச் செலுத்தும் வேதிக் களிம்புகளும் நான்காவது வழியாக விற்கப்படுகின்றன. முன்னவை ஈரச் சுவரில் சிமெண்ட் செய்யும் தீங்கையே செய்யும். பின்னவை தொடர்ச்சியான, சீரான காரைப் படுகை உள்ள சுவரில் பயன்தரலாம். கருங்கல்லும் மண்சாந்தும் ஒழுங்கின்றி அடுக்கிய அடிச்சுவரில் அந்தத் தடுப்பு முழுமை பெறாது. களிம்புக்குச் செலவிடும் முன், வீட்டுக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். சாலையை மேலே மேலே போட்டுத் தெருமட்டம் வீட்டுத் தளத்தைவிட உயர்ந்திருந்தால், சுவரோரம் சிமெண்ட் தளம் போட்டு மண்ணின் ஈரத்தைச் சுவரை நோக்கித் திருப்பியிருந்தால், இறவாரத்து நீர் சுவரடியிலேயே விழுந்தால், எந்தக் கலவையும் நிலைக்காது. சுவரை ஒட்டி ஒரு சிறு வாய்க்கால் எடுத்து நீரை விலக்குவது எல்லாக் கலவைகளுக்கும் முந்தைய வேலை.

சுவரில் கை வைக்கும்போது

சந்திலுள்ள பழைய காரையை உளியால் கையாலேயே தோண்ட வேண்டும். இயந்திர அரம் செங்கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். சந்தின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் தோண்டித் தூசியை நீக்கி, நன்கு நனைத்து, பிறகே புதுக் காரையைத் திணிக்க வேண்டும். மேலாக அப்பிய காரை உதிர்ந்துவிடும். கரைந்துபோன செங்கல்லுக்குப் பதிலாக, இடித்த வீடுகளிலிருந்து அதே பருமனுள்ள பழைய செங்கல்லைத் தேடி வைப்பது நல்லது. புதிய சேம்பர் செங்கல் பருமனிலும் உறிஞ்சும் தன்மையிலும் ஒத்துவராது. கலவைக்குக் குடிக்கத் தகுந்த நீரே தேவை. உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தினால், நீக்க விரும்பிய உப்பை நாமே சுவருக்குள் செலுத்துகிறோம்.

முன்பே சிமெண்ட் பூசிய சுவராக இருந்தால் அவசரம் கூடாது. தட்டிப் பார்த்துப் பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும் நீக்கலாம். நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சை வலிந்து பெயர்த்தால், மண்சாந்துச் சுவரில் செங்கல்லின் முகமும் கூடவே வந்துவிடும். ஓதம் ஏறிய உயரத்துக்கு ஓரடி மேல் வரை நேர்கோடாக வெட்டி எடுத்து, அந்தப் பட்டையைச் சுண்ணாம்பால் பூசுவதே இடைவழி. அகலமாகிக்கொண்டே போகும் விரிசலுக்கு இக்கட்டுரையின் எந்தக் கலவையும் மருந்தன்று. அது கடைக்கால் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், பொறியாளரை அழைக்க வேண்டும்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இரவெல்லாம் பனி இறங்கும் தார்சுத் தளத்தில், விரிசல்மேல் சிமெண்ட் பாலை ஊற்றுவது ஓரிரு கோடையே தாங்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து இறுக்கும் பழைய தளவரிசையே வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் கூரைக்கு இசைந்தது. கீழே உத்தரங்களின் முனை சுவருக்குள் உளுத்துப்போயிருக்கிறதா என்று பார்க்காமல் மேலே கூடுதல் எடையை ஏற்றக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டு நூல்களின் விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே குளிர்காலத்தில் சுண்ணாம்பு வேலை கூடாது என்பார்கள். இறுகாத காரைக்குள் நீர் உறைந்து அதைக் கெடுத்துவிடும். இங்கே நிலைமை நேர்மாறானது. சித்திரை வெயில் காரையின் ஈரத்தை ஒரே பகலில் உறிஞ்சி அதைப் பொடியாக்கிவிடும். ஐப்பசி மழை இறுகாத காரையைக் கழுவிவிடும். மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை, ஈரக் காற்றும் மிதமான வெயிலும் இருக்கும் அந்தப் பருவமே சுண்ணாம்பு இறுக ஏற்றது. நண்பகல் வெயிலுக்கு ஈரச் சாக்கைச் சுவரில் தொங்கவிட்டால் போதும்.

வேலையை முழுவதும் ஒப்படைக்கும் முன், வீட்டின் பின்புறம் மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் மாதிரி பூசச் சொல்லி, ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்பைத் தாளிக்கும் இடத்தில் பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். வேலையாட்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கித் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு.