செவ்வாய்ப்பேட்டையில் அச்சடித்த இசபெல்லா தோபர்ன் சிறுநூல்

எங்கள் சபையின் மாதர் ஐக்கியத்துக்காக, லக்னோவில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய அமெரிக்க மிஷனரி இசபெல்லா தோபர்னின் வாழ்க்கையை 32 பக்கச் சிறுநூலாக எழுதி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு பழைய அச்சகத்தில் 300 பிரதிகள் அடித்து வாங்கினேன். டெம்மி அளவு, உள்ளே மேப்லித்தோ தாளில் கறுப்பு, வண்ண அட்டை, நடுவில் பின். பிரதி ஒன்றுக்கு 34 ரூபாய் ஆயிற்று. விலை மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அடுத்த நூலுக்கும் அங்கேதான் போவேன். அதற்கு ஒரே காரணம் அங்கே மெய்ப்பு (புரூஃப்) திருத்தும் பெரியவர்.

ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அந்த அச்சகத்தில் இருப்பவர் அவர். எழுத்துப்பிழையோடு நிறுத்திக்கொள்ளாமல் பொருளையும் வாசிக்கிறார். தோபர்ன், தொபர்ன், தோபன் என்று நான் மூன்று விதமாக எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் வளைத்திருந்தது கூடப் பெரிதில்லை. லக்னோவின் அமீனாபாத் கடைவீதியில் 1870 ஏப்ரல் 18 அன்று ஆறு சிறுமிகளுடன் அவர் பள்ளி தொடங்கினார் என்ற வரியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, “டீச்சர், ஆறா, அறுபதா? ஆறு பிள்ளைங்கள வெச்சு யாராச்சும் பள்ளிக்கூடம் நடத்துவாங்களா?” என்று கேட்டார். ஆறுதான். பெண்பிள்ளைகள் படிப்பதைப் பொறுக்காதவர்கள் வந்துவிடக்கூடும் என்று, ஒரு வாலிபனை மூங்கில் தடியுடன் வாசலில் நிறுத்தி வைத்தே அந்த வகுப்பு நடந்தது. இதைச் சொன்னதும், “அதை ஏன் எழுதாம விட்டீங்க?” என்றார். நான் பக்கத்தைக் குறைக்க வெட்டியிருந்த அந்தச் செய்தி மறுபடியும் உள்ளே வந்தது.

அவருடைய இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. இந்தியாவில் ஊழியம் செய்துகொண்டிருந்த அண்ணன் ஜேம்ஸ் தோபர்ன், கழுகு உதிர்த்த இறகு ஒன்றைச் சீவிப் பேனாவாக்கி, இங்கே வந்து பெண்களுக்குப் பள்ளி நடத்த முடியுமா என்று தங்கைக்குக் கடிதம் எழுதியது 1866இல். அவர் கப்பல் ஏறியதோ 1869 நவம்பர் 3 அன்று. “நடுவுல மூணு வருஷம் என்ன பண்ணாங்க?” என்று பெரியவர் கேட்டபோதுதான், அந்த இடைவெளியை நான் ‘பின்னர்’ என்ற ஒற்றைச் சொல்லால் தாண்டியிருந்தது எனக்கே உறைத்தது. ஒஹாயோவின் செயின்ட் கிளேர்ஸ்வில் அருகே பண்ணை வீட்டில் 1840இல் பிறந்து, பள்ளி ஆசிரியை ஆகியிருந்த இசபெல்லா வரச் சம்மதித்தும், மணமாகாத பெண்ணை அயல்நாட்டுக்கு அனுப்பிவைக்க அவருடைய மெதடிஸ்ட் சபையில் அப்போது வழி இல்லை. 1869இல் பாஸ்டனில் பெண்களே கூடி அதற்கென ஒரு சங்கம் அமைத்த பிறகே அவரும் மருத்துவர் கிளாரா ஸ்வெய்னும் புறப்பட முடிந்தது. இந்தக் காத்திருப்புக்கு இப்போது நூலில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. மாதர் ஐக்கியக் கூட்டத்தில் பெண்கள் அதிகம் பேசியதும் அந்தப் பக்கங்களைப் பற்றித்தான்.

அட்டை வடிவமைப்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒஹாயோ பண்ணை என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். கணினியில் இருந்த தம்பி நாற்று நட்ட வயலும் வரப்போரத் தென்னையுமாக ஒரு படத்தை எடுத்து வைத்திருந்தார். அதை மாற்றச் சொன்னால், லக்னோ வகுப்பறைக்குப் பின்னால், அஸ்தம்பட்டியிலிருந்து பார்க்கும் ஏற்காட்டு மலையைப் போல ஒரு நீல மலை வந்து நின்றது. லக்னோ சமவெளி என்று சொல்லி அதையும் எடுக்க வைத்தேன். கடைசியில் படமே இல்லாமல் எழுத்து மட்டும் போட்டு முடித்தோம்.

பெரியவர் விடுப்பில் இருந்த நாளில் வேறு ஒரு கோளாறு நேர்ந்தது. திருத்தாத பழைய கோப்பிலிருந்து பிளேட் (அச்சுத் தகடு) எடுத்துவிட்டார்கள். பள்ளி வளர்ந்து கல்லூரி வகுப்புகள் தொடங்கிய 1886, அச்சில் 1868 ஆகிவிட்டது. அதாவது அம்மையார் இந்தியாவில் கால் வைக்கும் முன்பே கல்லூரி தொடங்கிவிட்டது! அந்த ஃபாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை) அவர்கள் செலவிலேயே மறுபடி அடித்துக் கொடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆறு நாள் தாமதம்; கூட்டத்துக்கு முந்தின இரவுதான் கட்டுகள் வீடு வந்து சேர்ந்தன.

அச்சுத் தரம் சீராக இருக்கிறது. 1901 செப்டம்பரில் லக்னோவிலேயே காலராவில் அவர் இறந்ததைச் சொல்லும் கடைசிப் பக்கங்களில் மட்டும் மை சற்று வெளிறித் தெரிகிறது. அங்கே நூல் கொடுப்பவர்கள், பெரியவர் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு வரைதான் இருப்பார் என்பதை நினைவில் கொண்டு, பிளேட் போடும் முன் கடைசி மெய்ப்பில் அவருடைய கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டைக்குப் படத்தை நீங்களே கொண்டுபோய்விடுங்கள்.